இடது இறக்கையைக் காணோம்

களவு போனது ஒரு விமானத்தின் இடது இறக்கை. முழு விமானத்தையும் விட்டுவிட்டு ஒற்றை இறக்கையை மட்டும் தூக்கிக்கொண்டு போகும் திருடனை, அனந்தலக்ஷ்மி மாமி தன் பதினெட்டு வருட இன்ஷூரன்ஸ் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. மூன்று முறை பி.காம். தவறிய என் அனுபவத்தில் நானும் பார்த்ததில்லை.

மாமி, கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்து ஊரார் பொய்களைப் படித்துப் படித்து அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு மட்டாஞ்சேரி அரண்மனை ரோட்டில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். அங்கே ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, பிச்சுமணி என்கிற நான். எங்கள் இருவரில் மின்விசிறிதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்பது மாமியின் கட்சி.

எண்பத்து நாலாம் வருடம் பிப்ரவரி மாதம், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராமபத்ரன் மாமாவின் வீட்டு மாடியில் நின்றோம். துறைமுகத்தில் கருவிகள் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் கட்டில், நாற்காலி எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் ஆறடி நீளத்தில் ஒரு மாதிரி விமானத்தின் மஞ்சள் நிற உடலும், அதன் வலது பக்கம் நாலரை அடிக்கு நீண்ட ஒற்றை இறக்கையும்தான். மூக்கில் சின்ன என்ஜின். உள்ளே, துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த ரேடியோ. கீழே நின்று கையிலிருக்கும் பெட்டியின் குச்சியை அசைத்தால் மேலே அது திரும்புமாம்.

"இதுக்கு ஸ்போர்ட் ஸ்கேல்னு பேராக்கும்," என்றார் ராமபத்ரன் மாமா. "அசல் விமானத்துல எத்தனை ஆணியோ அத்தனை ஆணி இதுலயும் இருக்கணும்னு இல்லை. முப்பது அடி தள்ளி நின்னு பாத்தா அசலாத் தெரியணும். நன்னாப் பறக்கணும். அவ்வளவுதான்."

"நம்ம பிச்சுவும் அப்படித்தான்," என்றாள் மாமி. "முப்பது அடி தள்ளி நின்னா மனுஷனாத் தெரிவன்."

மாமா சிரிக்கவில்லை. போன பிப்ரவரிக்குப் பிறகு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"எப்போ காணாமப் போச்சு?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கட்டி முடிச்சு இந்தப் பலகை மேல வெச்சேன். வெறும் கூடு மட்டும். சில்க் துணி ஒட்டலை. திங்கட்கிழமை மத்தியானம் பாக்கறேன், இல்லை."

"வேற ஏதாவது போயிருக்கா?"

"ரெண்டு டப்பா குண்டூசி."

"திருடனுக்கு வேட்டி கிழிஞ்சிருக்கும்," என்றேன்.

மாமி என் பக்கம் திரும்பவில்லை. பலகையின் மேல் விரித்திருந்த பெரிய பிளான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரே ஒரு இறக்கைதான் வரைந்திருந்தது. காகிதம் முழுக்க எண்ணெய் ஊறி மங்கலாக இருந்தது.

"இது எப்படிக் கட்டறதுன்னு சொல்லுங்கோ. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"பிளானை விரிச்சு, கோட்டு மேல மரத்துண்டை வெச்சு, அசையாம இருக்க ரெண்டு பக்கமும் குண்டூசி குத்தி, பசை காய விடணும். வரைஞ்சவன் வலது இறக்கை மட்டும்தான் வரைஞ்சிருப்பன். இடது வேணும்னா காகிதத்துல தேங்காயெண்ணெய் தடவி, திருப்பிப் போட்டுக்கணும். கோடு மறுபக்கம் தெரியும். அதும்மேல கட்டினா இடது."

"இந்தக் காகிதத்து மேல மொத்தம் எத்தனை இறக்கை கட்டியிருக்கேள்?"

மாமா காகிதத்தின் ஓரத்தை நீவிவிட்டார். "மூணு. வலது நான். எப்பவும் வலது நானாக்கும், இடது வெங்கிட்டு. பத்து விமானம் கட்டியிருக்கோம். ஒரு தடவை கூட மாறினதில்லை."

"வெங்கிட்டு கட்டின இடது எங்கே?"

"அவனோடயே அனுப்பிட்டேன்."

அது எனக்குத் தெரியும். வெங்கிட்டு என்னோடு படித்தவன், அவருக்கு ஒரே பிள்ளை. பதினோரு நாள் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். சுடுகாட்டில், கொள்ளி வைப்பதற்கு முன், மாமா அந்த இறக்கையை எடுத்து அவன் மேல் வைத்தார். சாஸ்திரிகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். லேசான பால்சா மரம் சட்டென்று தீப்பிடித்துக்கொண்டது. நான் அங்கே நின்று பார்த்தேன். இன்றைக்கும் அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"அப்பறம் கிட்டத்தட்ட ஒரு வருஷம் இதைத் தொடலை," என்றார் மாமா. "போன மாசம்தான் மறுபடி இடது கட்ட ஆரம்பிச்சேன். அவனுக்கு வருஷாப்தீகம் ஆயாச்சு. வர ஞாயித்துக்கிழமை கலூருக்கு அந்தண்டை அறுப்பு முடிஞ்ச வயல்ல பறக்க விடறதா இருந்தது. திங்கட்கிழமை ஜெயாவோட அப்பா பாலக்காட்டுலேர்ந்து வந்து அவளைக் கூட்டிண்டு போறார்."

ஜெயா என்கிற ஜெயலக்ஷ்மி வெங்கிட்டுவின் மனைவி. இருபத்து மூன்று வயது. மாமிக்கும் எனக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள். மாமியார் முன்பே காலமாகிவிட்டதால், இந்த ஒரு வருடமாக அந்த வீட்டில் அவளும் மாமாவும்தான்.

"அப்பா, தையல் கிளாஸுக்கு நேரமாச்சு. சாதம் மூடி வெச்சிருக்கேன். ஆறிப் போறதுக்குள்ள சாப்பிடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மாமி பிளானைத் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, முன்பக்கமும் பின்பக்கமும் விரலால் தடவினாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"யார் மேலயாவது சந்தேகம் உண்டா?"

"யார் மேலயும் இல்லை," என்றார் மாமா, கேள்வி முடிவதற்கு முன்பே.

தெருவுக்கு வந்ததும் மாமி வேகமாக நடந்தாள். பஜார் ரோட்டில் அரிசி லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. மிளகுத் தூசியில் எனக்குத் தும்மல் வந்தது.

"பிச்சு, அந்தப் பிளான்ல புதுசா பென்சில் அழுத்தின தடம் இருக்கு. மேல மெல்லிசுக் காகிதம் போட்டு யாரோ நகல் எடுத்திருக்கா."

"திருடனா?"

"வேற யாரு? இறக்கையையும் எடுத்துண்டு போயிருக்கான், பிளானையும் நகல் எடுத்திருக்கான், குண்டூசியும் கொண்டு போயிருக்கான். சட்டையைத் திருடிண்டு போறவன் எதுக்குடா அளவும் எடுக்கணும்?"

யோசித்தேன். "சட்டை சேரலைன்னா."

மாமி நடுரோட்டில் நின்று என்னைப் பார்த்தாள். ஏழு வருடத்தில் முதல் முறையாக மரியாதை கலந்த பார்வை. பின்னால் ஒரு ஆட்டோக்காரன் மலையாளத்தில் எங்கள் இருவரின் வம்சத்தையும் விசாரித்தான்.

"சரியாச் சொன்னாய். ஊசி குத்தினா காகிதத்துல எந்தப் பக்கம் சொரசொரன்னு வரும்?"

"குத்தின பக்கத்துக்கு மறுபக்கம்."

"மூணு இறக்கை கட்டினதாச் சொன்னார். வலது ஒண்ணு, இடது ரெண்டு. அப்போ ஒவ்வொரு கோட்டுகிட்டயும் மூணு ஓட்டை இருக்கணும். ஒண்ணு முன்பக்கத்துலேர்ந்து குத்தினது, ரெண்டு பின்பக்கத்துலேர்ந்து. ஓட்டை மூணு இருக்கு. ஆனா ரெண்டு முன்பக்கத்துலேர்ந்து, ஒண்ணே ஒண்ணுதான் பின்னாலேர்ந்து. பின்னாலேர்ந்து குத்தினது வெங்கிட்டு. அந்த இறக்கை அவனோட போயாச்சு."

எனக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. ராமபத்ரன் மாமா பிளானைத் திருப்பிப் போடவே இல்லை. வாழ்நாள் முழுவதும் வலது மட்டுமே கட்டிய கை, மறுபடியும் வலதையே கட்டிவிட்டது. இரண்டும் வலது கால் செருப்பு. விமானத்தில் பொருத்தினால் இறக்கையின் முன்பக்கம் பின்னால் வரும்.

"அப்படின்னா இடது இறக்கை களவே போகலை மாமி."

"எப்படிப் போகும்? அப்படி ஒண்ணு இருந்தால்தானே. எடுத்தவளுக்கு அது தெரிஞ்சிருக்கு."

"எடுத்தவளா?"

"காபி கொடுத்தப்போ அவ விரலைப் பாத்தியா? நுனியெல்லாம் ஊசி குத்தின புள்ளி. புடவைத் தலைப்புல சணல் நார். சாக்குத் துணியில ரவிக்கை தைக்கச் சொல்லித் தர தையல் கிளாஸ் மட்டாஞ்சேரியில எங்கேடா இருக்கு?"

கிளாஸ் கிடையாது. சாக்கு தைக்கும் கொட்டகை இருந்தது. அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால் மாயம்மாள் நடத்துவது. நாலு தையல் மெஷினும், மலைபோல் பழைய சாக்கும், வாசலில் காவலுக்கு மாயம்மாளும். அறுபது கிலோ அரிசி மூட்டையைத் தனியாகப் புரட்டுகிற பெண்பிள்ளை.

"யாரு வேணும்?" என்றாள்.

"ஒரு ஷர்ட் தைக்கணும்," என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க உடம்புக்கு அரைச் சாக்கு போதும் சாமி. மிச்சத்துல ஒரு நிக்கரும் தரேன்."

மாமி என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "ஜெயாவைப் பாக்கணும் மாயம்மா. சண்டைக்கு வரலை."

மாயம்மாளின் முகம் மாறியது. "அந்தக் கொச்சுப் பொண்ணு அழாம ஒரு நாளு ஜோலி செஞ்சதில்லம்மா. எங்க மெஷினெல்லாம் வெங்கிட்டு சாமிதான் சரியாக்கித் தரும். அந்தக் கைக்காக எடம் கொடுத்தேன். நீங்க வந்து அதை வெரட்டக் கூடாது கேட்டோ."

"வெரட்ட மாட்டேன்," என்றாள் மாமி.

கொட்டகையின் கோடியில், சாக்கு வெட்டும் நீளப் பலகையின் மேல் அது இருந்தது. வெள்ளை மரக் கூடு, நாலரை அடி. குறுக்குச் சட்டங்கள் வரிசையாக நின்றன. கடைசி மூன்றுதான் பாக்கி. இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான குண்டூசிகள். அடியில் நகல் காகிதம், திருப்பிப் போட்டபடி. சுவரில் ஆணியில், காணாமற்போன இறக்கை தொங்கியது.

ஜெயலக்ஷ்மி எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த சட்டத்தைக் கீழே வைத்தாள். ஓடவில்லை, மறுக்கவும் இல்லை.

"அப்பாகிட்ட சொல்லிட்டேளா?"

"இல்லை."

"சொல்லாதேங்கோ மாமி. திங்கட்கிழமை கூட்டிப் பெருக்கறப்போ பாத்தேன். ஆத்துக்காரர் பக்கத்துல உக்காந்து, எத்தனை நாள் அவர் இடது கட்டறதைப் பாத்திருக்கேன். இது அது இல்லைன்னு ஒரு பார்வையிலயே தெரிஞ்சுடுத்து. அப்பா இன்னும் பாக்கலை. பாத்தா என்ன ஆவார்னு யோசிச்சேன். பிள்ளை இல்லாம தன்னால ஒரு இறக்கை கூடக் கட்ட முடியலைன்னு அவர் கையே அவருக்குச் சொல்லிடும். அதை அவர் தாங்க மாட்டார்."

"அதனால எடுத்துட்டாய்."

"சரியா ஒண்ணு கட்டி, சனிக்கிழமை எங்கேயோ கிடைச்சுதுன்னு வெச்சுடலாம்னு நினைச்சேன். அப்பாவுக்கு என் மேலதான் சந்தேகம், தெரியும். திருடின்னு பேரோட போறேன். பரவாயில்லை."

"போறதுக்கு உனக்கு மனசு இருக்கா?"

அவள் பசை ஒட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "பாலக்காட்டுல பேங்க் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கு மாமி. புதன்கிழமை சேரணும். இது பறந்துடுத்துன்னா அப்பா தனியா இருந்துப்பார்ங்கற தைரியம் எனக்கு வரும். பறக்கலைன்னா நான் போமாட்டேன். இப்படி ஒரு மனுஷரை ஒத்தை இறக்கையோட விட்டுட்டு எப்படிப் போறது?"

சொல்லிவிட்டு அழுதாள். சத்தமில்லாமல், முகத்தை மூடாமல், அடுத்த சட்டத்தில் பசை தடவிக்கொண்டே அழுதாள். நான் குண்டூசி டப்பாவை எடுத்து ஒவ்வொன்றாக நீட்டினேன். மாமி சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து, அவள் முடிக்கும் வரை காத்திருந்தாள்.

மறுநாள் காலை பசை காய்ந்திருந்தது. ஜெயா கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, அவள் கட்டிய இறக்கையைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடியேறினோம். பொய் சொல்லும் பொறுப்பு எனக்கு. பரீட்சை ரிசல்ட் விஷயத்தில் வீட்டில் ஏழு வருடம் பழகியவன் என்பதால் மாமி என்னைத் தேர்ந்தெடுத்தாள்.

"வைப்பின் படகுத்துறையில கிடந்தது மாமா. விளையாட்டு சாமான்னு எவனோ தூக்கிண்டு போயிருக்கான். விக்க முடியாம விட்டுட்டான்."

ராமபத்ரன் மாமா வேட்டியைப் பிரித்தார். இறக்கையை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு சட்டத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். விமானத்தின் இடது பக்கம் கொண்டுபோய்ப் பொருத்தினார். சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது.

"இது நான் கட்டினது இல்லை," என்றார்.

என் பொய்யின் மிச்சப் பகுதி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"நான் கட்டினது வலது. ஞாயித்துக்கிழமை ஊசியெல்லாம் பிடுங்கிட்டுக் கையில எடுத்தப்பவே மனசிலாச்சு. பலகை மேல வெச்சுட்டு உக்காந்துட்டேன். திருப்பிப் போடறது அவன் ஜோலி. பத்து தடவையும் அவன்தானே திருப்பிப் போட்டான். எனக்கு அது தோணவே இல்லை."

மாமி சுவரில் சாய்ந்துகொண்டாள். "எல்லாம் தெரிஞ்சிருந்தும் எங்களை எதுக்குக் கூப்பிட்டேள்?"

"அவ ஏன் எடுத்தான்னு தெரியணும்."

"எடுத்தது அவதான்னு தெரியுமா?"

"இந்த வீட்டுல ரெண்டே பேர். நான் எடுக்கலை." மாமா விமானத்தின் மூக்கில் கை வைத்துக்கொண்டார். "பறக்க விட்டப்பறம்தான் வருவேன்னு அவ அப்பாவுக்கு எழுதியிருந்தா. இறக்கையைக் காணோம்னதும், போக மனசில்லாம ஒளிச்சு வெச்சுட்டாள்னு நினைச்சேன். அன்னிக்குப் பூரா சந்தோஷமா இருந்தேன் அனந்தலக்ஷ்மி. அவ போமாட்டா, சாப்பிட்டேளான்னு கேக்க ஒரு ஆள் இருக்குன்னு சந்தோஷம். அவ பெட்டி மேல அந்த பேங்க் ஆர்டர் இருந்தது. ராத்திரி அதைப் பாத்தேன். இருபத்து மூணு வயசுக் குழந்தை. அவ என்னோட கிடந்து வாடட்டும்னு ஒரு நாள் பூரா ஆசைப்பட்டிருக்கேன். எனக்கே என்னைப் பிடிக்கலை."

"அவ ஒளிச்சு வெக்கலை மாமா," என்றேன். "கட்டிண்டிருந்தா. அஞ்சு நாளா. தப்பாக் கட்டினதை நீங்க பாத்துடக் கூடாதுன்னு."

அவர் தலையை ஆட்டினார். அழுகிறார் என்று எனக்குத் தெரிய நேரமாயிற்று. ஏனென்றால் கை மட்டும் நிற்காமல் சட்டங்களைத் தடவிக்கொண்டே இருந்தது.

"பறந்தாத்தான் அவ போவள், இல்லையா?"

சொல்லாதே என்று ஜெயா கேட்டது ஒன்று. இவர் முகம் கேட்பது ஒன்று. பதினெட்டு வருடம் பொய்களை வெளுத்து வாங்கிய மாமி, அன்றைக்கு ஒரு பொய்யைக் காப்பாற்ற வழி தெரியாமல் நின்றதை நான் பார்த்தேன்.

"அப்போ பறந்தே ஆகணும்," என்றார் மாமா. "இன்னிக்கே சில்க் ஒட்டி டோப் வார்னிஷ் அடிச்சா நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள காஞ்சுடும். எனக்கு எதுவும் தெரியாதுன்னே அவ நினைச்சுண்டு இருக்கட்டும். அவளுக்கு அந்த நிம்மதியாவது நான் கொடுக்கறேன்."

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படியேறி வந்த ஜெயலக்ஷ்மி நெற்றியில் சந்தனத்தோடு வாசலில் நின்றாள். முதலில் எங்களைப் பார்த்தாள், பிறகு இறக்கையை.

"கிடைச்சுடுத்து ஜெயா," என்றார் மாமா. "பாரு. நான் கட்டினது அப்படியே இருக்கு. ஒரு கீறல் இல்லை."

அவள் கிட்டே வந்து, தான் கட்டிய இறக்கையை முதல் தடவை பார்ப்பவள் போல் பார்த்தாள்.

"நன்னாக் கட்டியிருக்கேள் அப்பா," என்றாள்.

மாமா சில்க் துணியை விரித்து ஒரு முனையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி இழுத்துப் பிடித்தாள். நானும் மாமியும் செருப்பைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டோம். பின்னால் அவர் குரல் கேட்டது.

"இது முடிஞ்சதும் போய் உன் பெட்டியைக் கட்டி வெச்சுடு, ஜெயா. நாளைக்கு நமக்கு நேரம் இருக்காது."